அர்னால்டின் துரோகத்துக்குக் காதல்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிய 'டர்ன்' தொலைக்காட்சித் தொடர் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு பருவங்களையும் விடாமல் பார்த்தவன் நான். ஒற்றர்களின் வேலையை அவ்வளவு அழகாகக் காட்டியிருக்கிறார்கள். ஆனால், அமெரிக்கப் படையின் ஜெனரல் பெனடிக்ட் அர்னால்ட் பெண் மயக்கத்தில் நாட்டை விற்றவர் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதைப் பள்ளியில் வரலாறு நடத்தியவனால் சும்மா விட முடியவில்லை.

தொடரில் பெக்கி ஷிப்பனும் பிரிட்டிஷ் அதிகாரி ஆந்த்ரேயும் காதலர்கள். ஆந்த்ரே சொல்லித்தான் பெக்கி அர்னால்டை வளைக்கிறார். ஆந்த்ரே பெக்கியை ஓவியமாக வரைந்தது உண்மை. காதல் என்பது கதாசிரியர்களின் கைச்சரக்கு. 1779 ஏப்ரலில் பெக்கியை மணந்த அர்னால்ட், மே மாதமே எதிரியான பிரிட்டிஷாருடன் பேரத்தைத் தொடங்கிவிட்டார். பெக்கிக்கு எல்லாம் தெரியும், உடந்தையும்கூட. அதற்காக மொத்தப் பழியையும் பதினெட்டு வயதுப் பெண்ணின் தலையில் கட்டலாமா?

புண் அதற்கு முன்பே புரையோடிவிட்டது. 1775-இல் சுமார் 1,100 பேருடன் அமெரிக்காவின் மெயின் பகுதிக் காடுகளைக் கடந்து, கனடாவில் பிரிட்டிஷார் வசமிருந்த கியூபெக்கைத் தாக்கப் போனவர் அர்னால்ட். வழியில் சோறில்லாமல் வீரர்கள் நாயைத் தின்றார்கள், செருப்புத் தோலை வேகவைத்துத் தின்றார்கள். அங்கே இடது காலில் குண்டடி. தொடரின் கதை 1776-இல்தான் தொடங்குவதால் இதெல்லாம் திரையில் இல்லை. 1777 பிப்ரவரியில் பதவியில் அவருக்கு இளையவர்கள் ஐந்து பேருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டு, அவரை விட்டுவிட்டது அமெரிக்கர்களின் ஆட்சி மன்றமான காங்கிரஸ். அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்துச் சரடோகா போரில், தன் மேலதிகாரியான தளபதி கேட்ஸோடு சண்டையாகிப் பொறுப்பு பறிபோன நிலையிலும், அக்டோபர் 7 அன்று உத்தரவில்லாமலே குதிரையேறிக் களத்தில் பாய்ந்தார். அதே கால் நொறுங்கியது. பத்தாவது நாள் பிரிட்டிஷ் தளபதி பர்காயின் படையோடு சரணடைந்தார். அமெரிக்கர்களுக்குப் பிரான்ஸ் துணைக்கு வந்தது அந்த வெற்றியால்தான். பெயரும் தங்கப் பதக்கமும் கேட்ஸுக்குப் போயின.

ஆல்பனியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது அந்தப் போர்க்களத்தைப் பார்த்தேன். அங்கே 1887-இல் வைத்த ஒரு கல் நிற்கிறது. அதில் ஒற்றைப் பூட்ஸ் செதுக்கியிருக்கிறார்கள். பின்புறம், கான்டினென்டல் படையின் (அமெரிக்க விடுதலைப் படையின்) மிகச் சிறந்த வீரர் இங்கே படுகாயமடைந்தார் என்ற வாசகம். அர்னால்டின் பெயர் மட்டும் எங்கும் கிடையாது. பக்கத்து ஊர் நினைவுத் தூணிலும் நான்கு மாடங்கள். மூன்றில் தளபதிகளின் சிலைகள், அர்னால்டுக்கு உரிய நான்காவது காலி. ஒரு நாடு தன் மாவீரனை எப்படி நினைப்பது என்று தெரியாமல் தவித்திருக்கிறது. அந்தத் தவிப்பில் கால்பங்குகூடத் தொடரில் இல்லை.

அவரை மன்னிக்கச் சொல்லவில்லை. தன் பொறுப்பிலிருந்த அமெரிக்கர்களின் வெஸ்ட் பாயின்ட் கோட்டைக்கு 20,000 பவுண்டு விலை பேசியவர் அவர். ஆந்த்ரே பிடிபட்டுத் தூக்கில் தொங்க, இவர் தப்பி ஓடி பிரிட்டிஷ் சீருடை அணிந்தார். 1781-இல், தான் பிறந்த ஊருக்குப் பக்கத்திலிருந்த நியூ லண்டனுக்கே தீ வைத்தார். கடன், கணக்குத் தகராறு, ராணுவ விசாரணை, பேராசை, அவமானம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் வாரம் வெளியாகும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் சரடோகாவுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்