‘பராமரிப்பு’ என்றால் என்னென்ன வேலை?

ஆசிரியருக்கு,

மழை தொடங்கிவிட்டால் சேலம் மாவட்டச் செய்திகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: ‘மரக்கன்றுகள் நடப்பட்டன, அவை தொடர்ந்து பராமரிக்கப்படும்.’ பூங்காவுக்கும் சாலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் மின்மாற்றிக்கும் இதே சொல்தான். மின்மாற்றிக்குச் சரி. உயிருள்ள ஒன்றுக்கு அது போதாது. யார், எப்போது, என்ன செய்வார் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்குச் செயப்பாட்டுவினை வேறு. செய்கிறவரே காணாமல் போகிறார்.

இளம்பயிரின் பெயரில் நாம் இத்தனை கஞ்சத்தனம் காட்டுவதில்லை. சேலம் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்த தேவநேயப் பாவாணர் அவற்றைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்: நெல்லுக்கும் கத்தரிக்கும் நாற்று, மாவுக்கும் புளிக்கும் கன்று, தென்னைக்குப் பிள்ளை, விளாவுக்குக் குட்டி, பனைக்கு வடலி. வளர்க்கும் வேலைக்கும் அப்படியே சொற்கள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடாது.

‘வளர்த்தல்’ பொதுச்சொல். செடி வளர்கிறது, நாம் வளர்க்கிறோம்; நடுவே ஒரு ‘க்’தான் கூடுகிறது. தீ வளர்க்கலாம், நகம் வளர்க்கலாம், பேச்சையும் வளர்க்கலாம். கூடிக்கொண்டே போகும் எதற்கும் பொருந்துமே தவிர, அதில் அக்கறை கட்டாயமில்லை. ‘பேணுதல்’ அப்படியல்ல. விரும்புதல், மதித்தல் என்ற பொருள்களும் அதற்குள் இருப்பதால்தான் பெற்றோரைப் பேணுகிறோம், உடல்நலம் பேணுகிறோம். நகத்தை யாரும் பேணுவதில்லை. ‘ஓம்புதல்’ இன்று விருந்தோம்பலோடு ஒட்டிக்கொண்டு மட்டும் பிழைத்திருக்கிறது. காத்தல், வளர்த்தல் என்பதோடு, தீங்கை வரவிடாமல் விலக்குதலும் அதன் பொருள். ‘புறந்தருதல்’ இன்னும் அகன்றது. புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார், உழவர் காளைகளைக் காப்பதற்கும் அரசன் குடிகளைக் காப்பதற்கும் அந்த ஒரே சொல்லை ஆள்கிறார். அந்தப் பாட்டால் தம் நிலத்தின் பழைய வரிப்பாக்கியும் தள்ளுபடியாயிற்று என்பது கூடுதல் செய்தி. நம் பக்கத்துப் பேச்சில் இவை எல்லாவற்றுக்கும் ‘பார்க்கிறது’ போதும்: தோட்டம் பார்க்கிறார், மாடு பார்க்கிறார். என் கணக்கில் ‘பராமரிக்கிறார்’ என்பதைவிட இது மேல். தினமும் போய்க் கண்ணால் பார்த்தாக வேண்டும் அல்லவா?

இந்தச் சொற்கள் ஏன் தனித்தனியாக வேண்டும் என்பதற்கு ஏற்காட்டுக் காப்பி நாற்றங்காலே சான்று. மார்கழி, தையில் விதையைத் தட்டைப் பக்கம் கீழிருக்கும்படி பாத்தியில் ஊன்றி, மெல்லிய மண் தூவி, மேலே இரண்டு அங்குலம் வைக்கோல் மூடாக்குப் போடுவார்கள். முளைக்க ஏறக்குறைய 45 நாள். அதுவரை ஊட்டுவதற்கு ஒன்றுமில்லை. வேலை ஓம்புவது மட்டுமே. ஈரம் காயக்கூடாது, நேர்வெயில் படக்கூடாது. பாசம் மிகுந்து தண்ணீரை ஊற்றினால் நாற்றழுகல் வரும்: தண்டின் அடி கறுத்துச் சுருங்கி, நாற்று அப்படியே சாய்ந்துவிடும். நீர் தேங்கிய பாத்தியும் காற்று நுழையாத நெருக்கமும் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

முளை மொட்டுப்போலத் தலைதூக்கி, விதையிலை விரிவதற்கு முன் பைக்கு மாற்ற வேண்டும். காட்டு மண் 6 பங்கு, மக்கிய தொழுவுரம் 2, மணல் 1 என்பது வழக்கமான கலவை. மாற்றும்போது ஆணிவேர் மடங்கி உட்கார்ந்துவிட்டால், மேலே இலை பச்சையாக இருந்தாலும் அந்தக் கன்று பின்னால் வறட்சி தாங்காது. அடுத்தது பழக்குதல். பந்தல் நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்காமல் நேரே மலைச்சரிவில் நட்டால் இலை கருகும்.

தோட்டத்துக்குப் போனபின் வருவது கவாத்து, அதாவது கிளை வெட்டிச் சீர்செய்வது. செடி சுமார் இரண்டரை அடி வந்ததும் உச்சியைக் கிள்ளி நிறுத்துவார்கள். பக்கக் கிளைகள் வலுத்தபின் ஒரு கொழுந்தை மட்டும் மேலே விட்டு, நான்கைந்து அடியில் மறுபடி நிறுத்துவார்கள். தண்டிலிருந்து நேராகக் கிளம்பும் போத்துகளை அவ்வப்போது ஒடித்தெறிய வேண்டும். வெட்டுவது எந்த அகராதியிலும் வளர்ப்பின் ஒத்தசொல் ஆகாது. தோட்டத்தில் அதுதான் பாதி வளர்ப்பு. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் கிளையைக் கழிப்பதிலும் கணக்கு வேண்டும். அளவுக்கு மேல் கழித்தால் வெயில் படும் அராபிகா வகைக் காப்பியின் தண்டில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு முட்டையிடும். கழிக்காமல் விட்டால் பூ குறையும்.

சமவெளியில் மா ஒட்டுக்கன்றுக்கு வேறு கதை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் வருமாறு குழி எடுத்து, சில நாள் ஆறவிட்டு, மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி நட வேண்டும். பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுக்காமல் அப்படியே புதைத்துவிடுவதை இன்றும் பார்க்கலாம். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே கிளம்பும் துளிரைக் கிள்ளாமல் விட்டால் வேருக்காக அடியில் வைத்த நாட்டு மா தழைக்கும், மேலே ஒட்டிய மல்கோவா பட்டுப்போகும். படம் எடுக்கிறவர் கண்ணுக்கு அந்தக் கன்று செழிப்பாகவே தெரியும் என்பதுதான் வேடிக்கை. முதல் மூன்று ஆண்டு பூத்தால் பூவையும் உருவிவிட வேண்டும்; மரம் கட்டமைய அந்தச் சத்து தேவை.

ஆகவே, மரம் நடுவிழாச் செய்தியில் ‘பராமரிக்கப்படும்’ என்று முடிப்பதற்குப் பதிலாக, வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர், ஆடு மாடு மேயாமல் கூண்டு வைப்பது யார், களை எடுப்பது யார் என்று கேட்டு நான்கு வரி போடுங்கள். இடமில்லை என்றால் மேடையில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் குறைக்கலாம். பங்குனி வெயிலில் நிருபரை அதே இடத்துக்கு மறுபடி அனுப்பி, நட்டதில் எத்தனை தேறின என்றும் எழுதச் சொல்லுங்கள். ‘தேறின’ என்றே அச்சிடலாம். சேலத்தில் அது எல்லோருக்கும் புரியும்.

— ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்,
அஸ்தம்பட்டி, சேலம்