இரவில் வந்து கணக்கெடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் முப்பத்தொரு வருடமாகக் காகித வியாபாரம் செய்கிறேன். எங்கள் பகுதியில் பிளாட்பாரத்தில் குடியிருப்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று கடைக்காரர்கள் போன வருடம் கொடுத்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் கடை ஷட்டருக்கு முன்னால் படுப்பது ஒரே குடும்பம். பாட்டி, மகள், மருமகன், ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தி. பாட்டி பிறந்ததே இந்தப் பக்கத்து பிளாட்பாரத்தில்தான். ரேஷன் கார்டில் தெருப் பெயர் இருக்கிறது, கதவு எண் கிடையாது. மருமகன் மீன்பாடி வண்டி, அதாவது சாமான் ஏற்றும் மூன்று சக்கர வண்டி, ஓட்டுகிறார். பகலில் லாரி உள்ளே வர முடியாது என்பதால் எங்கள் ரீம் கட்டுகள் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் இறங்கும். அப்போது கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டும். மகள் காலை ஆறரைக்கெல்லாம் ஐந்து கடை வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுகிறார். எங்கள் வியாபாரம் இருப்பதால்தான் இவர்கள் இங்கே படுக்கிறார்கள். கையெழுத்துப் போட்டபோது எனக்கு இது உறைக்கவில்லை.

மனுவுக்குப் பிறகு பிளாட்பாரக் குடும்பங்களைக் கணக்கெடுக்க வந்தவர்கள் காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். அந்நேரம் பிளாட்பாரத்தில் யார் இருப்பார்கள்? ஆண்கள் லோடுக்குப் போயிருந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பாட்டி மட்டும் இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையை அவிழ்த்து, நாலாக மடித்த ஆதார் நகலையும் ரேஷன் கார்டையும் நீட்டினார். குடும்பத் தலைவர் எங்கே என்று கேட்டார்கள். வேலைக்குப் போயிருக்கிறார் என்றதும் அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டார்கள். பத்தே நாளில், விடியற்காலை, லாரி வந்து நின்றது. பாய், ஸ்டவ், குடம் எல்லாம் அள்ளி ஏற்றப்பட்டன. அதோடு பேத்தியின் புத்தகப் பையும் போனது. ஜூனில் நான் கொடுத்த நோட்டுகள் அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, மணி மணியான கையெழுத்தில் பெயர் எழுதி வைத்திருந்தாள்.

பட்டியலில் பெயர் ஏறிய சிலருக்குப் பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்பில் வீடு என்று சொன்னார்கள். அந்த வீட்டை நான் குறை சொல்ல மாட்டேன். வயதுக்கு வரும் பெண்ணை வைத்திருக்கும் தாய்க்குத் தாழ்ப்பாள் போட்ட கதவும் சொந்தக் கழிப்பறையும் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாரிமுனைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர். பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை, சரி. ஆறரைக்கு இங்கே விளக்குமாறு பிடிக்க அங்கே எத்தனை மணிக்கு எழுந்திருப்பது? நள்ளிரவு லோடு இறக்கியவர் எந்த பஸ்ஸில் வீடு திரும்புவது? "அம்மாந்தூரம் போய்ட்டா கடைய யாருண்ணா கூட்டுறது?" என்று அந்தப் பெண் என்னிடமே கேட்டார். பக்கத்துக் கடை வாசலில் இருந்த குடும்பம் போய்விட்டு மூன்றே மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. 1981 ஜூலையில் பம்பாயில் நடைபாதைக் குடிசைகளை இடித்தபோது, சேலத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன ஒருவரையும் அவர் குடும்பத்தையும் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் வேலை தேடி மறுபடி பம்பாய் பிளாட்பாரத்துக்கே போனார். அவரும் மனுதாரராக இருந்த வழக்கில்தான் 1985-இல் உச்ச நீதிமன்றம், பிழைப்பைப் பறிப்பது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது என்றது. நடைபாதை நடப்பவர்களுக்கானது என்றும் அதே தீர்ப்பு சொன்னது, அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் மழைக்காலத்தில் யாரையும் கிளப்பக்கூடாது என்று அக்டோபர் 31 வரை தவணை கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு லாரி வந்தது ஐப்பசி அடைமழையில்.

இரவுக் காப்பகம் இருக்கிறதே என்பார்கள். நகரத்தின் மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் வருடம் முழுக்க, நாள் முழுக்க என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நான் விசாரித்த இடத்தில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கணவன், மனைவி, மகள், பாட்டி நால்வரும் ஒன்றாகப் படுக்க அங்கே வழியில்லை.

நான் கேட்பது இதுதான். கணக்கெடுப்பவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் வரட்டும். யாருக்கு எங்கே வேலை, பிள்ளை எந்தப் பள்ளி என்பதையும் எழுதிக்கொள்ளட்டும். மூலக்கொத்தளத்தில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்திருக்கிறது, அங்கிருந்து எங்கள் தெருவுக்கு நடந்தே வரலாம். அதுபோல் வடசென்னையில் கட்டும் ஒவ்வொரு இடத்திலும் பிளாட்பாரக் குடும்பங்களுக்கென்று சில வீடுகளை ஒதுக்க வேண்டும். வீடு தயாராகும்வரை இருக்கும் இடத்தில் ஒரு கழிப்பறையாவது வேண்டும். முழுப் பரீட்சை முடியும்வரை லாரி வரக்கூடாது.

பேத்திக்குப் புது நோட்டுகள் கொடுத்துவிட்டேன். இப்போது அவள் புத்தகப் பை ராத்திரியில் என் கடைக்குள், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

— ஒரு காகித வியாபாரி, ஆண்டர்சன் தெரு, சென்னை - 1