கப்பல்களுக்குப் பெயர் உண்டு, விமானிகளுக்கு எண்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்வெளிச் சண்டை விளையாட்டுகள் அனைத்தையும் கண்ணில் பட்டதைச் சுட்டுத்தள்ளும் வேலை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். கல்லூரி நாட்களில் அண்ணனின் கணினியில் ‘ஃப்ரீஸ்பேஸ் 2’ விளையாடத் தொடங்கி, இன்றும் ஆண்டுக்கு ஒருமுறையாவது முதலிலிருந்து முடிவுவரை விளையாடுகிறவள் நான். அந்த வரி எனக்கு வருத்தம் தந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இயங்கிய வொலிஷன் நிறுவனம் உருவாக்கி, இன்டர்பிளே 1999இல் வெளியிட்ட விளையாட்டு அது. கதை 24ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. முன்பு 14 ஆண்டுகள் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட மனிதர்களும் வசூடன்களும், ஷிவான்கள் என்ற மூன்றாம் இனத்துக்கு அஞ்சி ஒரே படையாகியிருக்கிறார்கள். நாம் அந்தப் படையின் ஒரு சிறிய போர்க்கலத்தை ஓட்டுகிறோம்.

‘சிறிய’ என்பதுதான் இங்கே முக்கியம். பெரும்பாலான விளையாட்டுகள் நம்மை உலகையே மீட்கும் வீரனாக்கும். இதில் நம் தலைக்கு மேலே கிலோமீட்டர் கணக்கில் நீளமான போர்க்கப்பல்கள் கதிர்க்கற்றைகளால் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டிருக்க, நாம் நடுவில் புகுந்து பீரங்கி ஒன்றை உடைத்துவிட்டு உயிரோடு திரும்பினால் அதுவே பெரிது. ஆயுதம், கேடயம், எஞ்சின் மூன்றுக்கும் மின்னாற்றலை நொடிக்கு நொடி பங்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். துரத்தும்போது எஞ்சினுக்குக் கூட்டினால் கேடயம் மெலியும். அடி விழத் தொடங்கியதும் கேடயத்துக்கு மாற்றினால் எதிரி கைநழுவிப் போவான். சுடுவதைவிட இந்தக் கணக்கில்தான் மனம் முழுக்க இருக்கும். சுட்டுத்தள்ளும் வேலை என்று சொன்னவர் இந்த இடத்தில் ஐந்து நிமிடம் அமர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

நெபுலா எனப்படும் விண்வெளி வாயுமேகத்துக்குள், அதாவது ஒண்முகிலுக்குள், நடக்கும் பணிகளை (மிஷன்களை) தனியே சொல்ல வேண்டும். ரேடார் தடுமாறும். எதிரே புகைமூட்டம். அதன் நடுவிலிருந்து ஒரு ஷிவான் கப்பலின் முகப்பு மெல்ல வெளிப்படும்போது எத்தனை முறை விளையாடியிருந்தாலும் என் கை ஜாய்ஸ்டிக்கை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஷிவான்கள் யார், ஏன் கொல்கிறார்கள் என்பதற்குக் கடைசிவரை விடை கிடையாது. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு; எனக்கு அதுதான் விளையாட்டின் உயிர்.

நம் படை 20 ஆண்டுகள் உழைத்துக் கட்டிய, 6 கிலோமீட்டர் நீளமும் 30,000 பேர் கொண்ட குழுவும் உடைய ‘கொலோசஸ்’ கப்பல் அழியும் பணியில், நாம் என்ன செய்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. அன்று வெகுநேரம் நான் அடுத்த பணியைத் தொடங்கவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். பணியின் நடுவில் சேமிக்க வழியில்லை. 20 நிமிடம் ஒரு சரக்குக் கப்பலைக் காவல் காத்து, கடைசி நொடியில் அதைப் பறிகொடுத்தால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஐந்து முறை தோற்றால் பணியைத் தாண்டிப் போகலாம் என்ற சலுகை இருப்பதே, விளையாட்டை உருவாக்கியவர்கள் இந்தச் சிக்கலை அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று.

இயற்பியலும் இடறுகிறது. சர்வதேச விண்வெளி நிலையம் ஒரு வினாடியில் ஏழரை கிலோமீட்டருக்கும் அதிகமாகப் போகிறது. இந்த விளையாட்டின் போர்க்கலங்களோ வழக்கமாக நூறு மீட்டருக்குள்தான் ஊர்கின்றன. விசையைக் குறைத்தால் காற்றில் பறக்கும் விமானம்போல வேகமும் குறைந்துவிடுகிறது. ஆனால் இதில் நான் விளையாட்டை உருவாக்கியவர்கள் பக்கம்தான். 1993இல் வந்த ‘ஃப்ரன்டியர்: எலைட் 2’ நியூட்டன் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றியது. அதில் இரு கலங்கள் ஒன்றையொன்று கடந்து, நெடுந்தூரம் விலகி, மறுபடி திரும்பி வருவதிலேயே சண்டை கழிந்துவிடும்.

என்னால் மன்னிக்க முடியாத குறை வேறு. கப்பல்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. பக்கத்தில் பறந்து உயிரைக் கொடுக்கும் துணை விமானிகளுக்குப் பெரும்பாலும் ‘ஆல்ஃபா 2’, ‘ஆல்ஃபா 3’ என்ற குறிகள்தான். ஆல்ஃபா 2 வெடித்துச் சிதறினால் அடுத்த பணியில் அதே குறியோடு இன்னொருவர் வந்து நிற்கிறார். நமக்கும் பெயர் கிடையாது. நாம் ஆல்ஃபா 1. போரின் கொடுமையை இவ்வளவு ஆழமாகக் காட்டிய கதை, அதில் சாகிறவர்களின் முகத்தைக் காட்ட மறந்துவிட்டது.

விளையாட்டு விற்பனையில் தோற்றது. அடுத்த பாகம் வரவே இல்லை. 2002இல் வொலிஷன் அதன் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டது. தன்னார்வலர்கள் அன்றிலிருந்து அதைச் செப்பனிட்டு, புதிய கதைகளையும் சேர்த்து வருகிறார்கள். அவர்களின் ‘ப்ளூ பிளானட்’ தொடரின் முதல் கதையில் விமானிக்கு சாமுவேல் பெய் என்று பெயர் இருக்கிறது. மூலத்தின் குறையை உணர்ந்தவர்கள்தான் அதைச் செய்திருக்க முடியும் என்று நினைக்கிறேன். வொலிஷன் 2023இல் மூடப்பட்டது. விளையாட்டு இன்றும் என் கணினியில் ஓடுகிறது.

கடைசிப் பணியை மட்டும் கட்டுரையாளர் ஒருமுறை விளையாடிப் பார்க்க வேண்டும். கபெல்லா விண்மீன் வெடிக்கப் போகிறது. அகதிகளின் கப்பல்கள் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. நாமும் தப்பிவிடலாம், அல்லது கடைசிக் கப்பல் போகும்வரை காவல் நின்று சாகலாம். இரண்டுக்கும் முடிவுரை வேறு. தங்கிச் செத்தால், பெயரில்லாத அந்த விமானிக்காகப் படைத்தலைவர் இரங்கல் சொல்கிறார். நான் ஒவ்வொரு முறையும் தங்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சேலம்