மூன்று நாள் சரக்கு நம் ஊரிலேயே இருக்கட்டும்: தாமிரபரணிக் கரை கிராம சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றங்கரையில் குடியிருக்கும் அண்ணாச்சிமாருக்கும் தாய்மாருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னால் நாம் எல்லோரும் ஒன்றாக உட்காருகிற கடைசிக் கூட்டம் அக்டோபர் 2 கிராம சபைதான். அன்றைக்கு ரோடு, தெருவிளக்கு, வாய்க்கால் எல்லாம் பேசுவோம். அவற்றோடு ஒரு தீர்மானத்தையும் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். ஒவ்வொரு ஊரிலும் வெள்ளம் ஏறாத ஓர் உயரமான அறை. அதில் மூன்று நாளைக்குத் தேவையான சாமான்கள். அவ்வளவுதான் கோரிக்கை.

ஏன் மூன்று நாள் என்பதை 2023 டிசம்பர் 17, 18 நமக்குக் காட்டிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரு வருஷம் முழுக்க நம் தூத்துக்குடி மாவட்டத்துக்குக் கிடைக்கிற மழையைவிட அதிகம் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் கொட்டியது. மேலே மாஞ்சோலைப் பக்கம் பெய்த மழையும் ஆற்றோடு சேர்ந்து வந்தது. ஏரல் துண்டிக்கப்பட்டது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரமே தண்ணீரில் நின்றது. கரண்டு இல்லை, செல்போன் டவர் இல்லை. மாவட்டத் தலைநகரே மூழ்கியிருக்கும்போது அங்கிருந்து லாரி எப்படி வரும்? ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட்டார்கள். கடற்கரை ஊர்களின் மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள். அந்த உதவிகளுக்கு நாம் என்றைக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பல ஊர்களுக்கு அவை வந்து சேர்வதற்குள் பச்சைப்பிள்ளைகளும் வயசானவர்களும் பட்டினியோடு இரவுகளைக் கழித்துவிட்டார்கள்.

அதே நேரத்தில் நடந்த இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலில் சிக்கியவர்களுக்கு முதலில் சோறு கிடைத்தது எங்கிருந்து? பக்கத்துப் புதுக்குடியிலிருந்து. ஊரில் இருந்த அரிசி, பருப்பைத் திரட்டிப் பொங்கிக் கொடுத்தார்கள் அந்த மக்கள். அரசாங்கம் பிறகு வந்தது, வந்தே ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. இருந்தாலும் தண்ணீர் சூழ்ந்த முதல் இரண்டு நாளில் பசியாற்றுவது பக்கத்துத் தெருவில் இருக்கிற அரிசிதான். அந்த அரிசியை மழைக்கு முன்பே சேர்த்து வைப்போம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

மலைக்க வேண்டியதில்லை. தாழ்வான தெருக்களிலிருந்து 200 பேர் மேட்டுக்கு வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றால் மூன்று நாளைக்கு 240 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் ஐந்து. ஒரு கோயில் கொடைக்கு இதைவிட அதிகமாகவே பொங்குகிறோம். குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் வீதம் 1,800 லிட்டர். அதற்கு ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் இரண்டை மாடியில் வைத்து, எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவிட்டால் போதும். பருப்பு, எண்ணெய், உப்பு, அவல், வெல்லம், பிஸ்கட். அடுப்புப் பற்றவைக்க முடியாத நேரத்தில் அவலும் வெல்லமும் பெரிய துணை. புயலுக்குப் பழகிய ஒடிசாவில் இதைத்தான் மூட்டை மூட்டையாக இருப்பு வைக்கிறார்கள். சமையலுக்கு அண்டா, கேஸ் சிலிண்டர், நனையாத விறகு.

சாப்பாட்டோடு முடியவில்லை. தார்பாய், கயிறு, டார்ச், பேட்டரி, ஒரு சின்ன ரேடியோ, லைஃப் ஜாக்கெட், காற்றடித்த லாரி டியூப். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், குளோரின் மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, கட்டுத்துணி. வெள்ளம் வடிந்ததும் வயிற்றுப்போக்குதான் முதலில் வரும் என்பதால் ஓ.ஆர்.எஸ்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். நாப்கின் கட்டாயம் இருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பட்டியல் போட்டால் அது விட்டுப்போகும், அதனால் பட்டியலை மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஜெனரேட்டர். 2018-இல் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்து, மோட்டார் ஓடாமல், தண்ணீர்த் தொட்டி இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் வாரக்கணக்கில் தவித்தார்கள். அறைக்கு ஒரு ஜெனரேட்டரும் டீசலும் இருந்தால் தொட்டியும் நிறையும், செல்போனும் சார்ஜ் ஏறும்.

பொருளைவிட எனக்குக் கவலை தருவது ஒரு நோட்டு. எந்த வீட்டில் பேறுகாலம் நெருங்கியிருக்கிறது, யார் டயாலிசிஸ் செய்துகொள்கிறார், யாருக்குத் தினமும் இன்சுலின், யார் படுக்கையில் இருக்கிறார் என்று பெயர், தெரு வாரியாக எழுதிய நோட்டு. நம் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் இதில் பாதி மனப்பாடமாகவே தெரியும். எச்சரிக்கை வந்த அன்றே, ரோடு இருக்கும்போதே, இவர்களை ஆஸ்பத்திரி வசதி உள்ள இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். தண்ணீர் இடுப்புக்கு வந்தபிறகு கட்டிலோடு ஒருவரைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை நாம் பார்த்தவர்கள்தானே.

அறை எங்கே என்பதில் அவசரப்படாதீர்கள். 2023-இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். சுவரில் கறை இன்னும் இருக்கிறது. அந்த மட்டத்துக்கு மேலே பள்ளிக்கூட மாடியோ, கல்யாண மண்டப மாடியோ, பள்ளிவாசலோ, சர்ச்சோ எது உயரமோ அதைக் கேட்போம். எந்தச் சாதித் தெருவுக்காரரும் தயங்காமல் ஏறி வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். இதை வெளிப்படையாகவே தீர்மானத்தில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

பணத்துக்கு? மகமை, அதாவது பொதுக் காரியத்துக்கு ஆளுக்கு ஒரு பங்கு பிடித்துப் பள்ளிக்கூடமும் சந்தையும் நடத்திய மண் இது. ஊராட்சி நிதியில் முடிந்ததை எடுப்போம், மீதிக்கு அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு இவ்வளவு என்று வைப்போம், வசதி இல்லாத வீட்டை விட்டுவிடுவோம். சரக்கு கெட்டுப்போகும் என்ற பயமும் வேண்டாம். தை பிறந்ததும் அரிசி, பருப்பை அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டு அடுத்த செப்டம்பரில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். மாத்திரைகளில் தேதி பார்த்து மாற்றுவது செவிலியர் பொறுப்பு.

ஒடிசா பற்றிச் சொன்னேன். 1999 பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதன்பிறகு கடலோர ஊர்களில் புயல் பாதுகாப்பு மையம் கட்டி, அதைப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர்களையே குழுவாக்கினார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் பேரை முன்கூட்டியே இடம் மாற்ற முடிந்தது, இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. கட்டடம் அரசு கொடுத்தது. அதை நம்பி மக்கள் கிளம்பி வந்ததற்கு ஊர்க் குழுக்கள் முக்கியமான காரணம்.

வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சென்னையிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு ஊருக்கு உதவத் துடிக்கிறீர்கள், தெரியும். கேட்டுவிட்டு அனுப்புங்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி ரோட்டோரம் குவியலாகக் கிடந்தது. வீடு இழந்தவர்களுக்கு அது அவமானமாகவும் இருந்தது. கஜா நேரத்தில் மெயின் ரோட்டு ஊர்களிலேயே லாரிகள் காலியாகி, உள்ளே இருந்த ஊர்கள் வெறுங்கையோடு நின்றன. ஊரில் அறை இருந்தால், என்ன தீர்ந்துவிட்டது என்று நாங்கள் சொல்வோம். அதை மட்டும் அனுப்பலாம்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் இந்த மடலின் நகல் போகிறது. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கு அழைத்தால் போதும் என்று சொல்கிறீர்கள். டவர் விழுந்தால் அழைக்க வழியில்லை. உங்களிடம் உள்ள முதல்நிலை மீட்பாளர் பட்டியலை ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பயிற்சியை மழைக்கு முன் முடித்துத் தாருங்கள்.

கடைசியாக, சாவி. ஒருவரிடம் இருந்தால் அவர் அன்றைக்கு வெளியூரில் இருப்பார். மூன்று பேரிடம், வெவ்வேறு தெருவில் இருக்க வேண்டும். அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். அந்த மூன்று பெயரையும் 2-ஆம் தேதி கூட்டத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏரல் பக்கத்து ஊர்க்காரன்