தீட்டும் தெய்வமும்: மருத்துவமாது ஒருவரின் வேண்டுகோள்

ஆசிரியர் அவர்கட்கு,

மதிப்புக்குரிய ஐயா,

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, இங்கிலாந்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுக்குரிய கல்வியை முடித்து, அங்கு பணியில் சேருமுன் சில வாரங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் நான், எமது தோட்டக் கோயில்களின் பரிபாலன சபையினருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இதனை எழுதுகிறேன். பிரசவம் பார்க்கும் பெண்ணையும் பிள்ளை பெற்ற பெண்ணையும் தீட்டு என்று சொல்லித் தெய்வத்தின் முன்னிலையிலிருந்து விலக்கி வைக்கும் வழக்கத்தை அவர்கள் கைவிட வேண்டும் என்பதே அது. அண்மையில் வெள்ளிக்கிழமைப் பூசைக்குச் சென்று விளக்கேற்றப் போன என்னிடம், "பிள்ளப்பேறு பாக்குற கையாச்சே தாயி, வெளக்க வேற யாராவது ஏத்தட்டும்" என்று முதியவர் ஒருவர் சொன்னார். அவர் என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர், அன்பாகவே சொன்னார். ஆயினும் அந்தச் சொல் என்னை மூன்றாண்டுகள் வருத்திய ஒன்று என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

இங்கிலாந்தில் மருத்துவமாதுக் கல்வி மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. மொத்தம் 4,600 மணித்தியாலங்களில் பாதியேனும் பிரசவ விடுதியிலும் கிளினிக்குகளிலும் தாய்மாரின் வீடுகளிலும் கழிய வேண்டும். மாணவி தன் கையாலேயே 40 பிரசவங்கள் பார்த்திருக்க வேண்டும் என்பது பொது விதி. கட்டணச் சுமையைப் பற்றியோ, பிற்பகல் நான்கு மணிக்கே இருண்டுவிடும் குளிர்காலத்தைப் பற்றியோ, விடுதித் தொலைபேசியில் அவர்களுடைய பேச்சு பிடிபடாமல் திணறியதைப் பற்றியோ அதிகம் எழுத விரும்பவில்லை. வெளிநாடு சென்ற எல்லோரும் பட்ட பாடுதான் அது. எனக்கென்று இருந்த துன்பம் வேறு. அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய மாரியம்மன் படத்தை, துணி சுற்றியபடியே, அலுமாரியின் அடித்தட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்தேன். தீட்டு கழிந்த பிறகே சாமி படத்தைத் தொட வேண்டும் என்று வளர்ந்தவள் நான். நாள்தோறும் இரத்தத்திலும் பனிக்குட நீரிலும் கை வைப்பவளுக்குத் தீட்டு கழியும் நாள் எப்போது வரும்? இரவுக் கடமை முடிந்து தலைமுழுகி வந்தாலும், அடுத்த இரவும் அதே கடமைதான். அப்படியே, ஆண்டவனிடம் பேசுவதற்கு மிகவும் தேவை ஏற்பட்ட காலத்தில், பேசாமலே இருந்துவிட்டேன்.

என்னைப் பயிற்றுவித்த மூத்த மருத்துவமாது, இயந்திரங்கள் எத்தனையோ இருக்க, பினார்ட் எனப்படும் மரக்குழலிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். அதன் அகன்ற வாயைத் தாயின் வயிற்றில் பதித்து, மறுமுனையில் காதை அழுத்திக்கொண்டு, கையை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். விரல் பட்டால் அந்த உரசலே கேட்கும். முதலில் தாயின் இரத்த ஓட்டம் நிதானமாகக் கேட்கும். பொறுமையாக இருந்தால், அதற்கும் அப்பால், நிமிடத்துக்கு 110 முதல் 160 தடவை வரை துடிக்கும் சின்னஞ்சிறு இதயம் கேட்கத் தொடங்கும். முதன்முறை அது என் காதில் விழுந்தபோது உடல் சிலிர்த்தது. ஒரு குளிர்கால இரவில், நிறைமாதத்தில் வந்த தாயொருவரின் வயிற்றில் குழலை எங்கெங்கு வைத்தும் அவருடைய நாடி மட்டுமே கேட்டது. ஸ்கேன் பார்த்த வைத்தியரும் அதையே சொன்னார்.

பிள்ளை இறந்த பின்னும் தாய் அதனைப் பெற்றுத்தானே ஆகவேண்டும். மறுநாள் இரவுவரை அந்த அறையில் இருந்தேன். பிறந்த பெண் குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டி, உள்ளங்கால்களில் மை தடவி அட்டையில் பதித்து, பெற்றோர் தம்முடன் வைத்திருப்பதற்காகக் குளிரூட்டிய தொட்டிலில் கிடத்தினோம். வைத்தியசாலையின் மதகுருவான ஆங்கிலப் பெண்மணி நள்ளிரவில் அழைப்பை ஏற்று வந்தார். வாசலில் நின்று எதையும் விசாரிக்கவில்லை. நேரே உள்ளே வந்து, கட்டிலோரம் அமர்ந்து, துணியில் சுற்றிய பிள்ளையைக் கையில் வாங்கி, பெயர் சொல்லி ஆசீர்வதித்தார். போகும்போது என் பக்கம் திரும்பி, உனக்காக யார் பிரார்த்திக்கிறார்கள் என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இதனை மதங்களை ஒப்பிடும் பேச்சாக யாரும் கொள்ள வேண்டாம். அந்தக் கேள்விதான் என் அப்பாயி சொன்ன கதையிடம் என்னைத் திருப்பி அனுப்பியது. அப்பாயியின் முன்னோர் துறையூர்ப் பக்கத்திலிருந்து கோப்பித் தோட்டக் காலத்தில் வந்தவர்கள். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைச் சாமியான தாயுமானவரின் கதையை மறக்காமல் கொண்டு வந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான இரத்தினாவதிக்குப் பிரசவம் பார்க்கப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தடைப்பட்டு நின்றபோது, சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிள்ளைப்பேறு பார்த்து, வெள்ளம் வடியும்வரை உடனிருந்து பணிவிடை செய்தார் என்பது தலபுராணம். சுகப்பிரசவம் ஆன பெண்கள் இன்றும் தாயுமானவர் சந்நிதியில் வாழைத்தார் சாற்றுகிறார்கள். தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் பூசித்துத் தரும் விளக்கெண்ணெயைக் கர்ப்பிணிகள் வயிற்றில் தடவிக்கொள்கிறார்கள். பேறுகாலப் பெண்ணின் வலியையும் இரத்தத்தையும் தம் கையால் தொட்டவரை நாம் கும்பிட்டுக்கொண்டே, அதே வேலையைச் செய்பவளைக் கோயில் படியில் நிறுத்துவது எவ்வாறு பொருந்தும்?

அந்தப் பிரசவம் முடிந்த காலை என் அறைக்குத் திரும்பி மாரியம்மன் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அந்தக் குழந்தை ஏன் போனது என்பதற்கு அம்மனிடம் விடை கேட்டேன். விடை கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அந்த அறையில் அவள் இல்லாமல் இல்லை என்ற உறுதி எனக்குள் ஏற்பட்டது. வீட்டில் இருந்தவரை என் பக்தி பெரும்பாலும் நேர்த்திக்கடனாக, பயமாக இருந்தது. அதன்பின் ஒவ்வொரு பிரசவ அறைக்குள்ளும் நுழையுமுன் அவளை நினைத்தே கை கழுவினேன். இப்போது நான் நம்பிக்கை என்று சொல்வது இதனைத்தான்.

எமது மூதாதையர்கூட வேலையிலிருந்து தெய்வத்தைப் பிரித்து வைத்தவர்கள் அல்லர். தொழிற்சாலையின் ரோதை எனும் சக்கரத்தில் ரோதைமுனியையும், தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துச்சாமியையும், கொழுந்து மலையில் கொழுந்துச்சாலாயியையும் கண்டு கும்பிட்டவர்கள் அவர்கள். இதற்கு ஈடான ஆன்மிகத்தை நான் வேறெங்கும் காணவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான அதே லயங்களில், காம்பரா எனும் அறைக்குள் பிள்ளையை ஏந்திய மருத்துவச்சிக்கு வாசலுக்கு வெளியேதான் சோறு வைத்தார்கள் என்றும் அப்பாயி சொல்லியிருக்கிறார். அத்தொழில் குறிப்பிட்ட சாதிப் பெண்களின் தலையில் கட்டப்பட்டதும், அவர்களைத் தாழ்த்த தீட்டு ஒரு காரணமாகக் காட்டப்பட்டதும் நாம் பேசத் தயங்கும் உண்மைகள்.

பேறுகாலத் தாயைத் தனியே இருத்தும் வழக்கத்தால் நன்மையே இல்லை என்று நான் கூறவில்லை. பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்கும் மலைக்கும் ஓடிய பெண்ணுக்கு ஓய்வு தந்தது அதுதான். அந்த ஓய்வு தொடரட்டும். ஆனால் பிள்ளை பெற்ற முதல் நாட்கள்தான் இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் உயிரைப் பறிக்கக்கூடிய நாட்கள். அந்நாட்களில் அவளைத் தொட்டுப் பார்க்கவும் பேசவும் மனிதர் வேண்டும். 1940களின் முற்பகுதியில் எமது நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர்; இன்று அத்தொகை 40க்கும் குறைவு. இம்மாற்றத்தில், முதல் பத்து நாட்களுக்குள் வீடு தேடி வரும் அரச மருத்துவமாதான குடும்ப நல உத்தியோகத்தரின் நடைக்குப் பெரும் பங்கு உண்டு. மழையிலும் அட்டைக்கடியிலும் லயம் லயமாக ஏறி இறங்கும் அவரிடம் ஒரு தாய் தன் உடம்பைப் பற்றித் தமிழில் சொல்ல முடியாத நிலை எமது பல தோட்டங்களில் நெடுங்காலக் குறை. எமது பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவேண்டுமானால், அதற்காகக் கோயிலை இழக்க வேண்டியதில்லை என்ற உறுதியைப் பெரியவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே, ஆலய பரிபாலன சபையினரிடம் நான் கேட்பது இரண்டு காரியங்கள். குளித்துச் சுத்தமாக வரும் தாதியோ மருத்துவமாதோ செய்யும் தொழிலின் பெயரால் விளக்கேற்றுவதிலிருந்தும் பூசையிலிருந்தும் விலக்கப்படமாட்டார் என்று கூட்டத்தில் தீர்மானித்து அறிவியுங்கள். அடுத்த திருவிழாவில், துரைமாருக்கும் பிரமுகர்களுக்கும் மாலை அணிவிக்கும் மேடைக்கு, உங்கள் பிரிவுக் குடும்ப நல உத்தியோகத்தரையும், உயிரோடு இருக்கும் பழைய மருத்துவச்சிகளையும் அழைத்து மரியாதை செய்யுங்கள். எமது தோட்டத்துச் சபைக்கு இதனைத் தனியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிற தோட்டத்துச் சபையினரும் சிவாச்சாரியார்களும் இதுபற்றிய தமது நிலைப்பாட்டைத் தங்கள் பத்திரிகையின் வாயிலாகத் தெரிவிப்பார்களாயின், நான் புறப்படுமுன் அவற்றை வாசித்துச் செல்ல ஆவலாயுள்ளேன்.

இங்ஙனம்,
தோட்டத்து மருத்துவமாது ஒருவர்,
மஸ்கெலியா.