மணியடித்துவிட்டுக் காத்திருந்த மகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த குடும்பம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தலையாட்டிக்கொண்டே படித்தேன். இரண்டாம் முறை எரிச்சல் வந்தது. மேற்கத்திய மோகத்தால் குடும்பம் சிதறுகிறது என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். என் மகன் மணந்திருப்பது ஒரு பின்லாந்துப் பெண்ணை. அந்த 'மேற்கோடு' பத்து ஆண்டுகளாகச் சம்பந்தம் வைத்திருப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது இரண்டு விஷயங்கள் என்னை உறுத்தின. மருமகள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எட்டு மாதக் குழந்தையைத் தனி அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினாள். பெயர் ஒரு வாரத்தில் காதுக்குப் பழகிவிட்டது. கதவு பழகவில்லை. இரவில் இரண்டு முறை எழுந்துபோய் அதன்மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு வருவேன். பெற்றவளுக்கு எப்படி மனம் வருகிறது என்று மகனிடம் புலம்பியும் இருக்கிறேன்.

பின்னால் தேடிப் படித்தபோது, புலம்பியவள் நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது. அமெரிக்கத் தாய்மாரையும் குவாத்தமாலா நாட்டு மாயன் பழங்குடித் தாய்மாரையும் ஒப்பிட்டு 1992-ல் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவில் கைக்குழந்தைகள் தனி அறையில் தூங்குகின்றன என்று கேட்டதும் மாயன் தாய்மார் அதிர்ந்துபோனார்கள்; அந்தக் குழந்தைகளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அமெரிக்கத் தாய்மாரோ தனியே தூங்கினால்தான் பிள்ளை சொந்தக் காலில் நிற்கப் பழகும் என்றார்கள். ஜப்பானியர்கள் அப்பா, அம்மாவுக்கு நடுவே குழந்தையைக் கிடத்துவதை 'கவா' என்ற எழுத்தோடு ஒப்பிடுவார்கள். ஆறு என்று பொருள்படும் அந்த எழுத்து, பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று கோடுகள்தான். ஒருத்தி பிள்ளையை அணைத்து வளர்க்கிறாள், இன்னொருத்தி கதவைச் சாத்தி வளர்க்கிறாள். இரண்டு பேரும் பிள்ளையின் நன்மையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

இனி மருமகளின் தாயைப் பற்றி. எண்பதைத் தாண்டியவர், தனியாக ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கட்டுரையாளர் பார்த்திருந்தால் 'கைவிடப்பட்ட முதுமை' என்று தலைப்பே வைத்திருப்பார். ஒரு நாள் மருமகளோடு நானும் போயிருந்தேன். தாய் வீட்டுச் சாவி அவள் சாவிக்கொத்திலேயே தொங்குகிறது. அப்படியிருந்தும் மணியை அடித்துவிட்டு நின்றாள். உள்ளே நடைவண்டி உருளும் சத்தம் மெதுவாக வந்தது. இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும். சாவிதான் இருக்கிறதே என்றேன். "அது அம்மா விழுந்துவிட்டால் திறப்பதற்கு. இது அம்மாவின் வீடு இல்லையா?" என்றாள். உள்ளே போனதும் தரையில் உட்கார்ந்து, தாயின் காலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக நகம் வெட்டிவிட்டாள். மருந்து கொடுக்கவும் குளிப்பாட்டவும் காலையில் அரசு அனுப்பும் பராமரிப்புப் பணியாளர் வந்துபோகிறார். மகளுக்கென்று மிஞ்சியது ஊர்க்கதை பேசுவதும் நகம் வெட்டுவதும்.

வியன்னாவைச் சேர்ந்த சமூகவியலாளர் லியோபோல்ட் ரோசன்மையரும் அவருடன் பணியாற்றியவரும் 1960-களிலேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: தள்ளியிருந்து நெருக்கம். பிள்ளைகள் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் ஒரே கூரைக்கடியில் வேண்டாம் என்று முதியவர்களே விரும்பியதைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

தொழிற்சாலைகள் வந்த பிறகுதான் மேற்கில் கூட்டுக்குடும்பம் உடைந்தது என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது. இங்கிலாந்தைப் பொறுத்தவரை இது சரியில்லை. பழைய ஊர்க் கணக்கெடுப்புகளைப் புரட்டிய வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அங்கே ஒரு வீட்டில் சராசரியாக ஐந்து பேர்கூட இருந்ததில்லை என்று காட்டினார். பதின்வயதிலேயே பிள்ளைகள் வேறு வீடுகளுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். தாய் தந்தையரைப் பிள்ளைகள் காக்க வேண்டும் என்று அதே இங்கிலாந்து 1601-லேயே சட்டம் போட்டிருந்தது. அந்தக் கடமை 1948-ல்தான் ஏட்டிலிருந்து நீங்கியது. பிரான்சின் சிவில் சட்டத்தில் 1804 முதல் இன்றுவரை அது இருக்கிறது. சிங்கப்பூர் 1995-லும் இந்தியா 2007-லும்தான் தனிச் சட்டம் இயற்றின. தனியாக வாழும் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்ற சீனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013-ல். பெற்றவரைக் கவனித்துக்கொள் என்று அரசாங்கம் சொல்ல வேண்டிய நிலை யாருக்கு முதலில் வந்தது, யாருக்குப் பின்னால் வந்தது என்று பார்த்தால் கிழக்கு, மேற்கு என்ற கோடு கொஞ்சம் கலங்கத்தான் செய்கிறது.

மேற்கு என்பதும் ஒரே வீடு இல்லை. பின்லாந்தில் பிள்ளைகள் சராசரியாக 21 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். குரோவேஷியாவில் முப்பதைத் தாண்டியும் தாய் வீடுதான். அமெரிக்காவில் பல தலைமுறைகள் சேர்ந்து வாழும் வீடுகளில் இருப்போர் 1971-ல் 7 சதவீதம், 2021-ல் 18 சதவீதம். அங்கே திடீரென்று பாசம் பெருகிவிடவில்லை. வாடகையும் பணமுடையும் பெரிய காரணங்கள்.

எனக்கு எரிச்சல் மூண்டது வேறோர் இடத்தில். அந்தக் கால வீட்டைப் பற்றி இரண்டு பக்கம் உருகுகிறார் கட்டுரையாளர். அந்த வீட்டில் வேலை செய்தவர் யார் என்பதற்கு ஒரு வரி இல்லை. தென்கொரியாவில் 'ஹோஜு' என்றொரு குடும்பப் பதிவுமுறை இருந்தது. குடும்பத் தலைவர் இறந்தால், பால்குடி மாறாத பேரனானாலும் ஆண் என்பதால் அவன்தான் தலைவன். பாட்டியும் தாயும் அவன் பெயருக்குக் கீழே. 2005-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2008-ல் நடைமுறையிலிருந்து போனது. ஜப்பானில் குடும்பத் தலைவருக்கு இருந்த சட்ட அதிகாரம் 1947-ல் நீக்கப்பட்டும், படுக்கையில் விழுந்த மாமனார் மாமியாரைத் தூக்கிக் கழுவும் வேலை மூத்த மருமகளின் தலையிலேயே நின்றது. அந்தப் பாரத்தைச் சமூகம் பங்கிட வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்தன. 2000-ல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது. நாற்பது வயதைத் தொட்டவர் எல்லோரும் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். இதைக் குடும்பச் சிதைவு என்று சொல்வதானால், அந்த மருமகள்களின் முதுகெலும்பிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். மாமியாரின் கடைசி ஆறு ஆண்டுகளும் நான் செய்த வேலைதான் அது. பாசமாகவும் செய்தேன், பல்லைக் கடித்துக்கொண்டும் செய்தேன். எந்த நாளில் எது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இழப்பே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. தாயின் சகோதரனைப் பின்னிஷ் மொழியில் 'எனோ' என்கிறார்கள். தந்தையின் சகோதரனுக்கு வேறு சொல் இருக்கிறது. நம்மைப் போலவே பிரித்துச் சொல்கிறார்களே என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆனால் மருமகளும் ஒற்றைப் பிள்ளை, என் மகனும் ஒற்றைப் பிள்ளை. மாமா, எனோ இரண்டு சொல்லும் என் பேரனுக்குத் தெரியும். எந்த மொழியிலும் அப்படிக் கூப்பிட அவனுக்கு ஆள் இல்லை. கட்டுரையாளர் இதைப் பற்றி எழுதியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து அழுதிருப்பேன்.

போன முறை அங்கே போனபோது அவனுக்கு எட்டு வயது. சாத்தியிருந்த கதவைத் தட்டிவிட்டு நின்றேன். "வா பாட்டி" என்று குரல் வந்த பிறகுதான் உள்ளே போனேன்.

அடுத்த பகுதியும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் கூட்டுக்குடும்பத்தில் முதலில் எழுந்தவர் யார், கடைசியாகச் சாப்பிட்டவர் யார் என்று கட்டுரையாளரின் வீட்டிலேயே யாரையாவது கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி