பதிவேட்டை மீட்டுக் கொடுத்த உங்கள் எல்லோருக்கும்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்துப் பின்னறையில் இருக்கும் கம்ப்யூட்டர் மறுபடி ஓடுகிறது. போன சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பதிவேட்டின் முதல் பக்கம் திரையில் விரிந்தது. மூன்று வாரம் இதற்காக உழைத்தவர்களில் சிலரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. போனில் நன்றி சொன்னால், "இதெல்லாம் ஒரு விஷயமா டீச்சர்" என்று வைத்துவிடுகிறீர்கள். எனக்கு அது பெரிய விஷயம். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பவை கோயிலின் பழைய கல்யாணப் பதிவேடு, ஈமச்சடங்குப் பதிவேடு இரண்டின் படங்கள். எல்லாம் கையால் தமிழில் எழுதியவை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பன் கரைக்கு வந்ததிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் அவர்கள் பெயர்களைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். முனுசாமி மூன்சாமி ஆனார், நாயக்கர் நைக்கர் ஆனார். கோயில் பதிவேட்டில் மட்டும் அந்தப் பெயர்கள் வீட்டில் கூப்பிட்ட மாதிரியே இருக்கின்றன. "எங்கள் பாட்டி பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது டீச்சர்?" என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்கும்போது நான் போய்ப் பார்க்கிற இடம் அதுதான்.

புரட்டாசி தொடங்கிய வாரத்தில் கம்ப்யூட்டரின் இயக்க மென்பொருளான உபுண்டு 22.04-ஐ 24.04-க்கு மேம்படுத்த உட்கார்ந்தேன். பாதியில் மின்சாரம் போய்விட்டது. லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) அறிவிக்காத நாளிலும் எங்கள் பகுதியில் இது நடப்பதுதான். மறுபடி மின்சாரம் வந்தபோது கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றது.

முதல் நன்றி ஃபீனிக்ஸ் ஊர்த் தம்பிக்கு. வேலை முடிந்த களைப்போடு, உன் வீட்டு யூபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு வந்து நின்றாய். பழுதுபார்க்க உதவும் ரெக்கவரி மோடில் நுழைந்து, பாதியில் நின்ற மென்பொருள் தொகுப்புகளையெல்லாம் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' என்ற ஒரே கட்டளையால் முடிக்க வைத்தாய். அப்புறம், தொகுப்புகளை நிறுவும், நீக்கும் கருவியான ஆப்டுக்கு ஒரு கட்டளை: 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. நான் பிரசாதச் சுண்டல் கொண்டுவந்து வைத்தபோதுகூடத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது, ஆனால் பக்கங்களை நேராக்கி வெட்டிச் சேமிக்கும் நிரல் எழவில்லை. என் அண்ணன் மகன் சென்னையில் இருந்தபடி எங்களுக்காகவே எழுதிக் கொடுத்த சின்ன நிரல் அது. திறந்தால் ஒரே வரிதான் வந்தது: லைப்ரரியை ஏற்ற முடியவில்லை, 'லிப்டிஃப்.எஸ்ஓ.5' என்று ஒரு கோப்பு இல்லை. லைப்ரரி என்றால் நிரல்கள் தங்கள் வேலைக்குக் கடன் வாங்கிக்கொள்ளும் பொதுக் கோப்பு; இது டிஃப் படங்களைக் கையாள்வது. மேம்படுத்தும்போது "பழைய தொகுப்புகளை நீக்கவா?" என்ற கேள்விக்கு நான் ஆமாம் சொல்லியிருந்தேன். 22.04-இல் இருந்தது 5; 24.04-இல் வருவது 6. எங்கள் நிரலை 'யூஎஸ்ஆர் லோக்கல்' ஃபோல்டரில் கையால் நிறுவியிருந்ததால், அதற்கு 5 தேவை என்பது ஆப்டுக்குத் தெரியவே வழியில்லை. தேவையில்லாதது என்று எடுத்துவிட்டது.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லாமல் அடுத்த நன்றியைச் சொல்ல முடியாது. 6-ஆம் எண் கோப்புக்கு 5 என்று பெயர் வைத்து ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போட்டேன். நிரல் திறந்தது! சந்தோஷத்தில் ஒரு பக்கத்தை வெட்டி, பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். பாதியில் நிரல் விழுந்தது. அந்தப் பக்கத்தின் படம் மேல்பாதி மட்டும் மிஞ்சி, கீழே வெறும் சாம்பல் நிறமாகிவிட்டது. இரண்டு குடும்பங்களின் பெயர்கள் இருந்த பாதி.

அன்றிரவுதான் மாரிட்ஸ்பர்க் ஊர் அண்ணன் போனில் வந்தார். வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா சொல்லி, முன்பின் தெரியாத என்னை அவரே கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன். "டீச்சர், முதலில் எதையும் தொடாதீர்கள். திரையில் இருக்கும் வரியை ஒரு எழுத்து விடாமல் படியுங்கள்." படித்தேன். "அந்த வரியிலேயே விடை இருக்கிறது பாருங்கள். எந்தக் கோப்பு, எந்த எண் என்று அதுவே சொல்கிறது." அத்தனை நாளும் அந்த வரியை நான் பயத்தோடுதான் பார்த்திருந்தேன். படிக்கவில்லை.

சிம்லிங்கை எடுக்கச் சொன்னார். எஸ்ஓ-வுக்குப் பின்னால் வரும் எண் அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, அது ஒரு வாக்கு என்றார். லைப்ரரிக்குள் இருக்கும் வேலைகளின் பெயரோ அவை கேட்டு வாங்கும் விவரங்களின் வடிவமோ பழைய நிரலுக்கு ஒத்துவராதபடி மாறும்போது எண்ணை மாற்றுவார்கள். பெயரை மட்டும் பொய்யாக மாற்றினால் திறக்கிற நேரத்தில் நிரல் நம்பிவிடும். உண்மையான வேலை வரும்போது விழும். எங்கள் பக்கத்துக்கு நடந்தது அதேதான்.

அப்புறம் 'எல்டிடி' போடச் சொன்னார். நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகள் ஒவ்வொன்றும், எதிரே அது கிடைத்த இடமும் வரிசையாக வந்தன. இல்லாததற்கு எதிரே மட்டும் 'நாட் ஃபவுண்ட்'. அவர் அங்கே தாளில் எழுதிக்கொள்வது எனக்குக் கேட்டது. யார் கொடுத்தது என்று தெரியாத நிரலுக்கு எல்டிடி போடாதீர்கள், சில சமயம் அந்த நிரலையே ஓட்டிவிடும், அதற்கு, நிரலை ஓட்டாமலே படித்துக் காட்டும் 'ரீட்எல்ஃப் -டி' போதும் என்றும் சொன்னார். பழைய 5-ஐ எங்கிருந்தாவது இறக்கி வைத்தால் என்ன என்று கேட்டேன். "வைக்கலாம். இந்தப் பதிப்பில் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. மூல நிரல் கையில் இருக்கும்போது எதற்கு? அதிலிருந்து ஓடும் நிரலைப் புதிதாகக் கம்பைல் செய்துவிடுவோம்."

சென்னைக்கு மெசேஜ் போனது. சென்னைத் தம்பி, உனக்கு மறுநாள் பரீட்சை என்று தெரிந்திருந்தால் அந்த ராத்திரி எழுப்பியிருக்க மாட்டேன். நீ திருத்தி அனுப்பியதை அதற்குத் தேவையான 'லிப்டிஃப்-டெவ்' தொகுப்பை நிறுவிக் கம்பைல் செய்தோம். அப்படியும் ஓடவில்லை. இந்த முறை 'நாட் ஃபவுண்ட்' என்று வந்தது நீயே எழுதிய லைப்ரரி. போய்ப் பார்த்தால் 'யூஎஸ்ஆர் லோக்கல் லிப்' ஃபோல்டரில் கோப்பு கண்முன்னே இருக்கிறது.

அண்ணன் அமைதியாகச் சொன்னார்: "சூடோ எல்டிகான்ஃபிக்." அவ்வளவுதான். நிரலைத் தொடங்கிவைக்கும் லோடர் வட்டு முழுக்கத் தேடித் திரியாது, வழக்கமாக 'எல்டி.எஸ்ஓ.கேஷ்' என்ற தயார்ப் பட்டியலைத்தான் பார்க்கும். புதுக் கோப்பு வந்த பிறகு அந்தப் பட்டியலை யாராவது புதுப்பிக்க வேண்டும். தொகுப்பாக நிறுவினால் அது தானாக நடந்துவிடும், கையால் நிறுவினால் நாம்தான் செய்ய வேண்டும். 'எல்டிகான்ஃபிக் -பி' போட்டுப் பார்த்தேன், வரிசையில் எங்கள் லைப்ரரியின் பெயரும் வந்திருந்தது. இடையில் நான், டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில், லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்ல எழுதிவைத்திருந்த 'எல்டி லைப்ரரி பாத்' வரியையும் அவர் எடுக்கச் சொன்னார். சோதித்துப் பார்க்க அது சரி. நிரந்தரமாக விட்டால் அங்கிருந்து தொடங்கும் மற்ற நிரல்களும் அந்த ஃபோல்டரில்தான் முதலில் போய்த் தேடும்.

கெட்டுப்போன பக்கத்தைத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. பதிவேட்டைப் பாதுகாக்கும் வெருலம் ஊர் அக்கா ஒரு வார்த்தைகூடக் கோபப்படவில்லை. பழைய வேட்டித் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே காரில் வந்தார். தாளின் ஓரம் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. துணியை நான்கு பக்கமும் பிரித்து, பக்கத்தைத் தூக்காமல், அடியில் அட்டை செருகித் திருப்பினார். ஸ்கேனரோடு வந்த பழைய நிரலும் அன்று பார்த்து மக்கர் செய்தது: கோப்பு இருக்கும்போதே 'கோப்பு இல்லை' என்றது. ஃபீனிக்ஸ் தம்பி 'ஃபைல்' கட்டளை போட்டு அது பழைய 32 பிட் வகை நிரல் என்று கண்டுபிடித்தான். இல்லாமல் போனது அதற்கான 32 பிட் லோடர். 32 பிட்டுக்கான 'ஐ386' கட்டமைப்பைச் சேர்த்து அதற்குரிய லிப்சி என்ற அடிப்படை லைப்ரரியை நிறுவியதும் ஓடியது. அக்கா அதுவரை இரண்டு மணி நேரம் பதிவேட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், விரத நாளில் தண்ணீர்கூடக் குடிக்காமல்.

புரட்டாசிச் சனிக்கிழமை நெரிசலிலும் பின்னறைச் சாவியைக் கொடுத்து, யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்ட கோயில் பெரியவர்களுக்கும் நன்றி. எல்லாப் படங்களுக்கும் இப்போது இரண்டு பிரதிகள் உண்டு, ஒன்று அக்கா வீட்டில். நிரலும் இனி மூலப் படத்தின் மேல் எழுதாது.

மாரிட்ஸ்பர்க் அண்ணா, பணம் எவ்வளவு என்று நான் கேட்டபோது, "எங்கள் பாட்டி பெயர் எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னீர்கள். கல்யாணப் பதிவேட்டில் இருக்கிறது. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதில் கடைசி எழுத்து விட்டுப்போயிருக்கிறது. இங்கே 'ள்' போட்டுத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கவரில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் எப்போது வந்தாலும் நான் வகுப்பில் இருப்பேன்.